டென்னிஸ் ரிட்ச்சி

டென்னிஸ் மாக்கலிஸ்டேர் ரிட்ச்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர் இவரே. கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தையும் உருவாக்கினார். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசாகக் கருதப்படும் டூரிங் விருது 1983ஆம் ஆண்டு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. தமது கணினிப் பயனர்ப் பெயரான டி.எம்.ஆர் என்னும் மூன்று எழுத்துக்களாலேயே இவர் நிரலர்களிடையே அறியப்பட்டார்.

சி மொழியில் எழுத்துச் சரங்கள் நினைவகத்தில் வைக்கப்படும் முறை, கணினிப் பாதுகாப்பின் வரலாற்றையே பாதித்த ஒன்று. ஆதலால் இக்கட்டுரை ரிட்ச்சியின் வாழ்க்கையோடு அம்முறை தோன்றிய விதத்தையும் அதன் விளைவுகளையும் சற்று விரிவாகக் கூறுகிறது.

பிறப்பும் கல்வியும்

ரிட்ச்சி நியூ யார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டேர் ரிட்ச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர். நிலைமாற்றுச் சுற்றுக்களைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். குடும்பம் நியூ ஜெர்சி மாநிலத்தின் சம்மிட் நகருக்குக் குடிபெயர்ந்ததால் ரிட்ச்சி அங்கு வளர்ந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963இல் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் மேற்படிப்பை மேற்கொண்டு, நிரல்களின் அமைப்புக்கும் கணிப்பின் சிக்கல்தன்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1968இல் முனைவர் ஆய்வேடு எழுதினார். ஆய்வேட்டின் கட்டமைக்கப்பட்ட படியொன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ரிட்ச்சி அதனைச் செய்யவில்லை. எனவே பட்டமும் வழங்கப்படவில்லை. பல வாழ்க்கைக் குறிப்புகள் அவரை முனைவர் என்றே எழுதிவந்தன. 2020இல் அமெரிக்கக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஆய்வேட்டின் படியைக் கண்டெடுத்து வெளியிட்டபோதுதான் இச்செய்தி பரவலாகத் தெரியவந்தது.

பெல் ஆய்வுக்கூடமும் யுனிக்சும்

1967இல் ரிட்ச்சி, தந்தை பணிபுரிந்த பெல் ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்தார். அப்போது பெல் ஆய்வுக்கூடம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மல்ட்டிக்ஸ் என்னும் பெரிய இயங்குதளத்தை உருவாக்கி வந்தன. திட்டம் நீண்டுகொண்டே போனதால் 1969இல் பெல் ஆய்வுக்கூடம் விலகிக்கொண்டது.

பெரிய கணினி கையைவிட்டுப் போனபின், தாம்சன் பயனற்றுக் கிடந்த பிடிபி-7 என்னும் சிறு கணினியில் ஓர் எளிய இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதன் நினைவகம் 18 பிட் நீளமுள்ள 8192 சொற்கள் மட்டுமே. ரிட்ச்சியும் வேறு சிலரும் அவருடன் சேர்ந்தனர். இவ்வாறு பிறந்ததே யுனிக்ஸ். 1970இல் பிடிபி-11 கணினி வந்தது. அதன் நினைவகம் 24 கிலோபைட்டு. இக்கட்டுரையின் உரையை யுனிகோடில் சேமித்தால் அந்நினைவகம் முழுவதும் நிறைந்துவிடும், இயங்குதளத்துக்கு இடமிராது. பின்னால் சொல்லப்படும் முடிவுகளை எடைபோடும்போது இவ்வளவை மனத்திற்கொள்வது நலம்.

பி மொழியிலிருந்து சி மொழிக்கு

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, தாம்சன் பி என்னும் மொழியை அமைத்திருந்தார். பி மொழியில் தரவு வகைகள் இல்லை; எல்லாம் ஒரே நீளமுள்ள சொற்களே. பிடிபி-11 கணினியோ நினைவகத்தைப் பைட்டு பைட்டாக அணுகியது. ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிலிருந்து பிரித்தெடுத்துக் கையாள்வது பி மொழியில் தொல்லையாக இருந்தது. ஆகவே ரிட்ச்சி 1971இல் எழுத்து, முழு எண் என்னும் வகைகளை அம்மொழியில் சேர்க்கத் தொடங்கினார். அது புது பி எனச் சிலகாலம் அழைக்கப்பட்டு, 1972இல் சி ஆயிற்று. 1973 கோடையில் யுனிக்ஸின் கருவகம் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இயங்குதளம் என்றாலே அந்தந்த இயந்திரத்தின் பொறிமொழியில்தான் எழுத இயலும் என்ற எண்ணம் நிலவிய காலம் அது.

சி மொழியில் ஓர் எண்ணை ஒன்றால் கூட்டும் இரட்டைக் கூட்டற்குறி பிடிபி-11இன் உத்தரவுகளைப் பார்த்து அமைக்கப்பட்டது என்று பல பாடநூல்கள் கூறும். இது சரியன்று. தாம்சன் அக்குறியைப் பி மொழியிலேயே வைத்திருந்தார். பிடிபி-11 அப்போது பிறந்திருக்கவில்லை.

பதினான்கு பைட்டுக்கள்

ரிட்ச்சியின் பங்களிப்புகளுள் மிக ஆழமானதும் மிகுந்த விளைவுகளை உண்டாக்கியதும், அணிகளைப் பற்றி அவர் வகுத்த விதியாகும். பிசிபிஎல், பி ஆகிய மொழிகளில் ஓர் அணியை அறிவித்தால் இரண்டு பொருள்கள் உருவாகும்: ஒன்று அணியின் இடம், மற்றொன்று அவ்விடத்தின் முகவரியைத் தாங்கும் ஒரு தனிச் சொல்.

சி மொழியில் கட்டுருக்களைச் சேர்க்க முற்பட்டபோது இதில் ஓர் இடர் எழுந்தது. அக்காலத்து யுனிக்ஸில் ஒரு கோப்படைவின் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு நீளம் கொண்டது. முதல் 2 பைட்டுக்கள் கோப்பின் எண். அடுத்த 14 பைட்டுக்கள் கோப்பின் பெயர். வட்டில் உள்ள இப்பதிவை அப்படியே ஒரு கட்டுருவாகப் படிக்க வேண்டும் என்பது ரிட்ச்சியின் விருப்பம். ஆனால் பழைய முறைப்படி பெயர் என்னும் அணிக்கு ஒரு முகவரிச் சொல் வேண்டும். வட்டில் அதற்கு இடமில்லை. அதனை எங்கே ஒளித்துவைப்பது?

அவர் கண்ட தீர்வு, முகவரியைச் சேமிக்கவே வேண்டாம் என்பது. அணியின் பெயர் ஒரு கோவையில் வரும்போதெல்லாம் நிரல்பெயர்ப்பி அதனை முதல் உறுப்பின் முகவரியாக மாற்றிக்கொள்ளும். நேர்த்தியான தீர்வு, சி மொழியின் வேகத்துக்கும் எளிமைக்கும் ஒரு காரணம் இது. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. ஓர் அணியை ஒரு செயற்கூறுக்கு அனுப்பினால் போய்ச்சேர்வது முகவரி மட்டுமே. அங்கிருப்பது 14 பைட்டா 1400 பைட்டா என்பதைச் செயற்கூறு அறிய வழியில்லை.

சரத்தின் முடிவு

சி மொழியில் எழுத்துச் சரம் என்பது ஒரு தனி வகையன்று; வழக்கம் மட்டுமே. எழுத்துக்களை வரிசையாக அடுக்கி, இறுதியில் மதிப்பு சுழியமான ஒரு பைட்டை இடவேண்டும். அதனைக் காணும் இடமே சரத்தின் முடிவு.

பிசிபிஎல் மொழியில் இவ்வாறில்லை. அங்குச் சரத்தின் முதற்கூறு அதன் நீளத்தைக் குறிக்கும் எண். பி மொழியில் தாம்சன் இதனை விடுத்து, இறுதியில் ஒரு சிறப்பெழுத்தை இட்டார். சி மொழியில் அவ்வெழுத்தின் இடத்தைச் சுழியம் பெற்றது. மாற்றத்துக்கு இரு காரணங்களை ரிட்ச்சி பிற்காலத்தில், 1993ஆம் ஆண்டு வெளிவந்த தமது சி மொழி வரலாற்றுக் கட்டுரையில் குறிப்பிட்டுள்ளார். நீளத்தை 8 அல்லது 9 பிட்டுக்களில் அடக்கினால் சரத்தின் நீளத்துக்கு ஒரு சிறிய உச்சவரம்பு வந்துவிடும் என்பது ஒன்று. எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் சரிபார்த்து வைப்பதைவிட முடிவுக்குறி வசதியாக இருந்தது என்பது மற்றொன்று. பிடிபி-11இல் ஒரு பைட்டை நகலெடுக்கும் உத்தரவு, நகலெடுத்தது சுழியமா என்பதையும் உடனே காட்டிவிடும். ஆகவே சரத்தை நகலெடுக்கும் சுழல் இரண்டே உத்தரவுகளில் முடிந்தது.

ஆக, அணி தன் அளவை இழந்தது. சரம் தன் நீளத்தை இழந்தது. தனித்தனியே இரண்டும் தாங்கக்கூடியவை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஆபத்து உண்டாயிற்று.

சரங்களை நகலெடுத்தல்

மாணவர்க்கு இதனை விளக்கத் தேனி மாவட்டத்தின் ஊர்ப்பெயர்கள் நல்ல எடுத்துக்காட்டுக்கள். நீளத்தில் பெரிதும் வேறுபடும் பெயர்கள் அங்கு அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. முதலில் இவற்றை ஆங்கில எழுத்துக்களில் எழுதுவதாகக் கொள்வோம். ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. தேனி 5 பைட்டு. சின்னமனூர் 11. உத்தமபாளையம் 13. போடிநாயக்கனூரை இரண்டு ககர எழுத்துக்களுடன் முறையாக எழுதினால் 14.

ஸ்டர்காப்பி என்னும் செயற்கூறு இரண்டு முகவரிகளைப் பெறுகிறது. மூல முகவரியிலிருந்து இலக்கு முகவரிக்குப் பைட்டு பைட்டாக நகலெடுத்து, சுழியத்தை நகலெடுத்தவுடன் நிற்கிறது. இலக்கின் அளவை அதனிடம் யாரும் சொல்வதில்லை; சொல்லவும் அதில் இடமில்லை. 14 பைட்டு கொண்ட அணியில் உத்தமபாளையத்தை இட்டால் 13 எழுத்தும் ஒரு சுழியமும் சரியாகப் பொருந்தும். போடிநாயக்கனூரை இட்டால் சுழியம் பதினைந்தாம் பைட்டில் விழும். அது வேறொரு மாறியின் இடம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்வயல்களில், மடையை அடைக்காமல் விட்டால் நீர் வரப்பை மீறி அடுத்தவர் வயலில் இறங்குவதை இதற்கு ஒப்பிடலாம். வயலில் நீர் நிற்பது கண்ணுக்குத் தெரியும், நினைவகத்தில் தெரியாது. நிரல் அப்போதைக்கு ஒன்றும் நடவாதது போல ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஸ்டர்-என்-காப்பி. இதில் மூன்றாவதாக ஓர் எண் தரப்படும். அவ்வளவு பைட்டுக்களுக்குமேல் எழுதாது. இதனால் இது பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் இது பாதுகாப்பிற்காக எழுதப்பட்டதன்று. மேலே கண்ட கோப்படைவுப் பதிவு போன்ற நிலையான நீளமுள்ள புலங்களை நிரப்புவதற்காக எழுதப்பட்டது. பெயர் சிறியதானால் மீதி இடம் முழுவதையும் சுழியங்களால் நிரப்பும். பெயர் சரியாக 14 எழுத்தானால் முடிவுச் சுழியம் இராது. கோப்படைவில் அது குற்றமன்று. புலத்தின் நீளம் 14 என்பதை அதனைப் படிக்கும் நிரல் அறியும்.

அப்புலத்தை ஒரு சாதாரணச் சரமாக எண்ணி வேறொரு நிரல் படித்தால்தான் வம்பு. போடிநாயக்கனூர் என்னும் கோப்புப் பெயரின் இறுதியில் சுழியம் இல்லை. ஆகவே படிப்பது நிற்காமல் அடுத்த பதிவின் கோப்பு எண்ணுக்குள்ளும், பின் அதன் பெயருக்குள்ளும் நுழையும். மறுபுறம், 4096 பைட்டு அணியில் தேனி என்னும் ஐந்து எழுத்தை இதன் வழியே நகலெடுத்தால் 4091 சுழியங்கள் வீணே எழுதப்படும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று செய்த கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததன் விளைவு இது. இதனைப் பிழையுள்ள செயற்கூறு என்பதைவிடத் தவறான இடத்தில் பயன்படும் செயற்கூறு என்பதே பொருத்தம்.

முறையான நகலெடுப்பு நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்: இலக்கின் முழு அளவு, முடிவுச் சுழியத்துக்கு ஒதுக்கிய ஒரு பைட்டு, மூலம் எங்கே முடிகிறது என்பது, முழுவதும் நகலாயிற்றா என்பது. நான்காவதை நிரலர்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றனர். சரத்தை வெட்டி அடக்குவது நினைவகத்தைக் காக்கும்; பொருளைக் காக்காது. கூடலூர் என்னும் நகரம் தேனி மாவட்டத்திலும் உண்டு, நீலகிரி மாவட்டத்திலும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்த ஊர்ப்பெயருக்குப் பின் மாவட்டப் பெயரைச் சேர்த்து எழுதிவைத்து, நகலெடுக்கும்போது பின்பகுதி வெட்டுண்டால் இரு நகரங்களும் ஒன்றாகிவிடும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. (போடிநாயக்கனூர் பேருந்துப் பலகைகளில் போடி என்று சுருங்கியதும் ஒரு வெட்டுதான், ஆனால் அங்கு வேறு போடி இல்லாததால் எவரும் வழிதவறுவதில்லை.)

அதிகாரம் மாற்றும் துணுக்கு

இப்பிழைகள் பாதுகாப்புச் சிக்கலாக மாறியதற்கு ரிட்ச்சியின் இன்னொரு கண்டுபிடிப்பும் மறைமுகமாகத் தொடர்புடையது. ஒரு நிரலை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடன் இயங்குமாறு செய்யும் ஒரு பிட்டை அவர் யுனிக்ஸில் அமைத்தார். கடவுச்சொல்லை மாற்றும் நிரல் போன்றவை இதனாலேயே இயல்கின்றன. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1979இல் வழங்கப்பட்டது. இத்தகைய நிரலொன்றில் சரம் வழிந்தோடினால், சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி பிறக்கிறது. செயற்கூறு முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்னும் முகவரி அணிக்கு அருகிலேயே அடுக்கில் இருப்பதால், வழிந்த பைட்டுக்கள் அதன்மேல் விழுந்து நிரலின் போக்கையே மாற்றிவிடும்.

யுனிக்ஸ் பாதுகாப்பை முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்பட்டதன்று என்பதை ரிட்ச்சி மறைக்கவில்லை. அதன் பாதுகாப்புக் குறைகளை விளக்கி அவரே ஒரு கட்டுரை எழுதி, அது யுனிக்ஸ் கையேடுகளுடன் வழங்கப்பட்டது.

1988ஆம் ஆண்டுப் புழு

1978இல் பிரையன் கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. சிறிய நூல், சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் நூல். சரத்தை நகலெடுக்கும் சுழலைப் படிப்படியாகச் சுருக்கி ஒரே வரியில் அடக்கிக் காட்டும் பகுதி அதில் புகழ்பெற்றது. பிரென்டிஸ்-ஹால் இந்தியா வெளியிட்ட மலிவுப் பதிப்பின் வழியே தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர் பலர் இந்நூலை அறிந்தனர்.

1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதிய ஒரு புழு இணையத்தில் பரவியது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் என்னும் சேவை. அச்சேவை 512 பைட்டு அணியொன்றில் வலையிலிருந்து வரும் வரியைக் கெட்ஸ் என்னும் செயற்கூறு கொண்டு வாங்கியது. கெட்ஸ் ஸ்டர்காப்பியைப் போலவே இலக்கின் அளவை அறியாதது. புழு 536 பைட்டுக்களை அனுப்பியது. ஏறத்தாழ 6000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. மாணவரின் தந்தை ராபர்ட் மாரிஸ் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிட்ச்சியுடன் பணியாற்றியவர். யுனிக்ஸின் கடவுச்சொற் பாதுகாப்பைப் பற்றித் தாம்சனுடன் கட்டுரை எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு அடுத்த ஆண்டு, 1989இல், சி மொழியின் முதல் அமெரிக்கச் சீர்தரம் வெளிவந்தது. அதில் கெட்ஸ் அப்படியே இடம்பெற்றது. பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதே சீர்தரக் குழுவின் முதற்கவலையாக இருந்தது. கெட்ஸ் சீர்தரத்திலிருந்து நீக்கப்பட்டது 2011 டிசம்பரில். அதாவது புழு பரவி 23 ஆண்டுகள் கழிந்து, ரிட்ச்சி மறைந்து இரண்டு மாதங்கள் ஆனபின். இடைப்பட்ட காலத்தில் நம் கல்லூரிகளின் டர்போ சி ஆய்வுக்கூடங்களில் பெயரை உள்ளிடச் சொல்லும் முதற்பயிற்சி பெரும்பாலும் கெட்ஸ் கொண்டே கற்பிக்கப்பட்டது.

ரிட்ச்சியின் முன்மொழிவு

சீர்தரக் குழுவில் ரிட்ச்சி உறுப்பினராக இருந்து வழிநடத்தவில்லை. பெரும்பாலும் விலகியே நின்றார். முகவரிகளைப் பற்றி அக்குழு சேர்க்கவிருந்த ஒரு புதிய தகுதிச்சொல்லை மட்டும் 1988இல் கடுமையாக எதிர்த்து எழுதினார், அது கைவிடப்பட்டது.

அவ்வளவாகப் பேசப்படாத மற்றொன்று, 1990இல் அவர் வெளியிட்ட முன்மொழிவு. அளவு மாறும் அணிகளைச் சி மொழியில் சேர்ப்பது பற்றியது அது. அத்தகைய அணியைச் சுட்டும் சுட்டு, முகவரியுடன் அணியின் அளவையும் தாங்கிச் செல்லும் என்பது அதன் சாரம். கோப்படைவின் 14 பைட்டுக்காக 1970களில் கைவிட்ட அளவை, நினைவகம் பெருகிய காலத்தில் திருப்பிச் சேர்க்கும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். 1999ஆம் ஆண்டுச் சீர்தரம் அளவு மாறும் அணிகளை ஏற்றது. ஆனால் வேறொரு வடிவை. செயற்கூறுக்கு அனுப்பும்போது அளவை இழக்கும் பழைய வழக்கம் அப்படியே நீடித்தது.

வழிந்தோடும் சரங்களுக்கான முழுப் பழியையும் ரிட்ச்சியின்மேல் ஏற்றுவது சில நூல்களில் காணப்படுகிறது. 24 கிலோபைட்டுக் கணினிக்காக ஒரு சிலர் தமக்கென எழுதிக்கொண்ட மொழி அது. பின்னர் அதனை வங்கி, மருத்துவமனை, தொலைபேசி எனத் திறந்த வலையில் நிறுத்தியவர்கள் அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். அதே வேளை, விலை உண்டு என்பதை அறிந்தே அம்முடிவு எடுக்கப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தமிழ் எழுத்துக்களும் சி மொழிச் சரங்களும்

1992 செப்டம்பரில் தாம்சனும் ராப் பைக்கும் பிளான் 9 இயங்குதளத்துக்காக யுடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தை வடிவமைத்தனர். யுனிகோடின் எந்த எழுத்தை எழுதினாலும் இடையில் சுழிய பைட்டு வாராதவாறு அது அமைந்தது. ஆகையால் சுழியத்தில் முடியும் பழைய சரங்களிலேயே தமிழையும் எழுத முடிந்தது. இரண்டு பைட்டு கொண்டு எழுதும் யுடிஎஃப்-16 முறையில் இது இயலாது. 'கம்பம் பள்ளத்தாக்கு' என்பதை அம்முறையில் எழுதி ஸ்டர்காப்பியிடம் கொடுத்தால், இரு சொற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு சுழிய பைட்டு இருப்பதால் கம்பத்தோடு நகலெடுப்பு நின்றுவிடும். பள்ளத்தாக்கு வந்துசேராது.

யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு கொள்ளும். உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக்குறிகளே. தேனி என்பதில் 4 குறிகள், 12 பைட்டு. கம்பம் என்பதில் 6 குறிகள், 18 பைட்டு. போடிநாயக்கனூர் 14 குறிகள், 42 பைட்டு. ஆங்கிலத்தில் 14 பைட்டில் அடங்கிய பெயருக்குத் தமிழில் முடிவுச் சுழியத்துடன் 43 பைட்டு தேவை. எழுத்துக்களை எண்ணி இடம் ஒதுக்கும் நிரலர் இங்கு ஏமாறுவார்.

பழைய 14 பைட்டுப் புலத்தில் கம்பத்தை ஸ்டர்-என்-காப்பி கொண்டு இட்டால் க, ம, புள்ளி, ப ஆகிய நான்கும் 12 பைட்டில் அடங்கும். மீதி 2 பைட்டில் இறுதி மகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஏறும். அது எந்த எழுத்தும் அன்று. திரையில் 'கம்ப' என்பதற்குப் பின் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ தோன்றும். இதனைத் தவிர்க்க வழி எளிது. யுடிஎஃப்-8இல் தொடர் பைட்டுக்கள் அனைத்தும் 10 என்னும் இரு பிட்டுக்களுடன் தொடங்கும். வெட்டிய இடத்துக்கு அடுத்து நிற்பது தொடர் பைட்டானால், எழுத்தின் தொடக்கம் வரை பின்னோக்கி வந்து வெட்டவேண்டும்.

அதுவும் தமிழுக்குப் போதாது. 15 பைட்டில் வெட்டினால் பைட்டுக்கள் யாவும் முறையாக இருக்கும். ஆனால் இறுதிப் புள்ளி போய், கம்பம் 'கம்பம' ஆகிவிடும். கணினிக்கு இது பிழையற்ற சரம். படிப்பவருக்குத்தான் பிழை. ஆகவே தமிழ்ச் சரத்தை வெட்டும் நிரல், வெட்டுமிடத்தின் அடுத்த குறி புள்ளியோ உயிர்க்குறியோ எனில் அதன் மெய்யையும் சேர்த்து விடவேண்டும்.

பிற்காலமும் மறைவும்

1990களில் ரிட்ச்சி பிளான் 9, இன்ஃபெர்னோ ஆகிய இயங்குதளங்களை உருவாக்கிய குழுவில் இருந்தார். இன்ஃபெர்னோவில் நிரல் எழுதப் பயன்படும் லிம்போ மொழியின் விளக்க ஆவணத்தை எழுதியவர் அவரே. லிம்போவில் சரம் ஒரு தனி வகை. அதன் உறுப்புகள் யுனிகோடு எழுத்துக்கள். எல்லையைத் தாண்டி அணுகினால் நிரல் நிறுத்தப்படும். சி மொழியை ஆக்கியவரின் கையாலேயே இதன் விளக்கமும் எழுதப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

டூரிங் விருதையடுத்து 1990இல் ஹாம்மிங் பதக்கம், 1998ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், 2011இல் ஜப்பான் பரிசு ஆகியவற்றைத் தாம்சனுடன் பகிர்ந்துகொண்டார். லூசென்ட் நிறுவனத்தில் முறைமை மென்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து 2007இல் ஓய்வு பெற்றார். விளம்பரத்தை விரும்பாதவர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

2011 அக்டோபர் 12 அன்று நியூ ஜெர்சி மாநிலம் பெர்க்லி ஹைட்ஸ் ஊரில் தம் இல்லத்தில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். அகவை 70. தனியே வாழ்ந்து வந்தவர். சில ஆண்டுகளாக உடல்நலம் குன்றியிருந்தார். முந்தைய வாரம் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்திருந்ததால் நாளேடுகளில் இச்செய்திக்குக் கிடைத்த இடம் சிறிது. ஜாப்ஸின் நிறுவனம் விற்ற கணினிகளின் இயங்குதளம் யுனிக்ஸ் வழிவந்தது. அதன் கருவகம் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது.

அவருக்குப் பின்

சரங்களை நகலெடுப்பதற்கான மாற்றுவழிகள் ரிட்ச்சியின் வாழ்நாளிலேயே தோன்றின. 1998இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக டாட் மில்லர், தியோ டி ராட் ஆகியோர் ஸ்டர்-எல்-காப்பி என்னும் செயற்கூறை எழுதினர். இது இலக்கின் முழு அளவைப் பெறும். இறுதியில் சுழியத்தை எப்போதும் இடும். மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். 14 பைட்டு அணியில் போடிநாயக்கனூரை ஆங்கிலத்தில் இட்டால் 13 எழுத்தும் சுழியமும் நகலாகும். திரும்பி வரும் எண் 14. அளவும் 14 என்பதால் பெயர் வெட்டுண்டது என நிரல் அறியலாம். க்னூ சி நூலகத்தின் பராமரிப்பாளர்கள் இதனை ஏற்க நெடுங்காலம் மறுத்தனர். வெட்டுண்டதைச் சரிபார்க்காத நிரலர் இதனாலும் பிழை செய்வார் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. இறுதியில் 2023இல் அந்நூலகத்திலும், 2024இல் போசிக்ஸ் சீர்தரத்திலும் இது இடம்பெற்றது.

லினக்ஸ் கருவகம் எதிர்த்திசையில் சென்றது. மூலத்தின் நீளத்தைக் கூற ஸ்டர்-எல்-காப்பி மூலம் முழுவதையும் படித்தாக வேண்டும். மூலத்தில் சுழியமே இல்லாவிட்டால் அதன் எல்லையைத் தாண்டியும் படித்துக்கொண்டே போகும். இக்காரணத்தால் 2015இல் ஸ்டர்-எஸ்-காப்பி என்னும் வேறு செயற்கூறு அங்குச் சேர்க்கப்பட்டது. வெட்டுண்டால் இது பிழையெண்ணைத் தருகிறது. பழையதைப் பயன்படுத்திய இடங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, 2024இல் ஸ்டர்-எல்-காப்பி கருவகத்திலிருந்து முற்றிலும் அகற்றப்பட்டது. தாம்சனும் பைக்கும் ராபர்ட் கிரீஸ்மருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட கோ மொழியில் ஒவ்வொரு சரமும் தன் நீளத்தைத் தன்னுடனே வைத்திருக்கிறது.

2011 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 16 இயங்குதளமும், அடுத்து வந்த ஃபிரீபிஎஸ்டி 9.0 பதிப்பும் ரிட்ச்சியின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டன. 294727 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கு 2012இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.